கப்பல்கார வீட்டு வார்த்தை

பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி "கப்பல்கார வீடு" என்று கேட்டால் போதும், எந்த ஆட்டோக்காரரும் எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார். வாசலில் கப்பல் எதுவும் நிற்காது, உம்மாவின் ஸ்கூட்டர்தான் நிற்கும். வாப்பா பொன்னேரியில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். நான் கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். கப்பல் போய் ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் போகவில்லை.

எனக்கு அந்தப் பெயரின் மேல் பைத்தியம். படித்தது மெக்கானிக்கல், ஆனால் லீவு கிடைத்தால் சென்னைக்கு ஓடிப் பழைய அரசிதழ்களைப் புரட்டி, எங்கள் வீட்டுக் கதையை நோட்டில் எழுதிவைப்பேன். கப்பல்காரர் என் வாப்பாவுக்குப் பாட்டனார் முறை. அவர் எடுத்த எடுப்பில் முதலாளியாகிவிடவில்லை. கால்வாயில் படகு விட்டுத்தான் தொடங்கினார். உப்பும் விறகும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் சென்னைக்குப் போகும், மண்ணெண்ணெய் டின்னும் துணியும் திரும்பி வரும். பிறகு ஒரு பாய்மரக் கப்பலில் பங்கு வாங்கினார். அதன்பின் சொந்தமாகவே கப்பல் வாங்கினார். ரங்கூனிலிருந்து அரிசியும் தேக்கும் இறக்கினார். ஊர்ச் சபைக்குத் தலைவரானார். எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத்தண்ணீர். நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று ஆள் வைத்துத் தேடிக் கிணறு வெட்டினார். கடைத்தெருவுக்கு விளக்கு போட்டார். காலரா வந்த வருஷம் தன் சரக்குக் கிடங்கைக் காலி செய்து நோயாளிகளைப் படுக்கவைத்தார். ஏரியைத் தாண்ட ஏழைகளுக்கு இலவசப் படகு விட்டார்.

இதையெல்லாம் நான் கேட்டவரிடமும் சொல்வேன், கேட்காதவரிடமும் சொல்வேன். கம்பெனி வேனில் என் வாய் ஓயாது. "வேன்ல ஏறுனா ஹிஸ்டரி கிளாஸ்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் லாரி ஓட்டப் போயிருப்பேன்" என்று டிரைவர் அண்ணன் அலுத்துக்கொள்வார்.

காது கொடுத்துக் கேட்டவர் ஒருவர்தான். மீனவக் குப்பத்திலிருந்து வருகிற அக்கா. கம்பெனியில் ரப்பர் பாகங்களின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைப் பிளேடால் வெட்டுகிற வேலை அவருக்கு. அவர் வெட்டியதை நான் பார்த்து அனுப்ப வேண்டும். அதனால் காலையில் வேனில் ஏறும்போதே வம்புக்கு இழுப்பார்.

"இன்னா பாய் தம்பி, இன்னைக்கு எத்தினி பீஸு தூக்கிப் போடப் போற?"

"நீங்க ஒழுங்கா வெட்டுனா நான் ஏங்க்கா தூக்கிப் போடறேன்?"

"தோ பார்றா. மீனு வெட்டுன கை தம்பி இது. ரப்பரு இன்னா சுண்டக்கா."

நெற்றியில் பெரிய பொட்டும், தலையில் தினமும் புதுப் பூவும் இருக்கும். அவர் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. கவிழ்ந்த படகு கரைக்கு வந்தது, கூடப் போனவர்களும் நீந்தி வந்தார்கள். அவர் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பல மழைக்காலங்கள் போய்விட்டன. ஆனாலும் பொட்டும் பூவும் இருந்தன. காரணம் அவர்கள் ஊர் வழக்கம். அந்த வழக்கத்துக்குக் காரணம் எங்கள் வீடு.

விஷயம் இதுதான். ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம். எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினால் அடிதடிதான். அதனால் எந்த இடத்தில் யார் எப்போது வலை சுற்றுவது என்று குப்பத்தில் முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அம்மன் கோயில் முன்னால் ஊர்ப் பெரியவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஆள் பதில் கொடுத்தால் பாடு அவனுடையது. இறந்துபோனால் பாடு விழும், கல்யாணம் ஆகி நிற்கிற ஒரு புதுப் பையனுக்கு அது போகும். ஒன்று விழாமல் ஒன்று ஏறாது.

ஆனால் கடலில் காணாமல் போனவனின் பாடு விழாது. பெயரைக் கூப்பிடும்போது அவன் வீட்டிலிருந்து ஒருவர் "கீறான்" என்று சொன்னால் போதும். இருக்கிறான் என்று அர்த்தம். பாடு அவன் பெயரிலேயே ஓடும். வீட்டில் கருமாதி கிடையாது, மனைவி தாலி கழற்றுவது கிடையாது. அக்கா வீட்டில் "கீறான்" சொல்வது கொழுந்தன். அண்ணன் முறை வரும்போது அவன்தான் வலையும் சுற்றுவான். கிடைப்பதில் பாதியை அண்ணி வீட்டில் கொண்டுவந்து வைப்பான்.

தை மாதத்தில் அந்தக் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. இனி அவனுக்கும் சொந்தப் பாடு வேண்டும். முகத்துவாரம் மண் அடைத்து ஏரியே சுருங்கிக்கொண்டு வருகிறது, புதிதாக ஏற்ற இடமே இல்லை. அண்ணன் பாடு விழுந்தால்தான் தம்பிக்கு வழி. அவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஊரில் மற்றவர்கள்தான் முணுமுணுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா ஒரு நாள் வேனில் எனக்குப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க கப்பக்கார பாய் கதைய முச்சூடும் சொல்லு. எங்க ஊர்ல அவரு வார்த்தையாலதான் இந்தப் பழக்கம்ன்றாங்க. இன்னா வார்த்த அது?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. கணவரின் பாடு போகாமல் காப்பாற்ற அக்காவுக்கு என் கதை தேவைப்படுகிறது என்று நினைத்தேன். கோயில் முன்னால் நின்று நான் பேசுவதுபோல் மனத்துக்குள் ஓட்டிக்கூடப் பார்த்துவிட்டேன். பொன்னேரி தாண்டும்வரை கிணறு, விளக்கு, காலரா எல்லாம் சொன்னேன்.

"கிணறு இருக்கட்டும். கப்பலு?"

கப்பலைச் சொன்னேன். கடைசியாக ரங்கூன் போன கப்பலில் குப்பத்து ஆண்கள் பலர் வேலைக்குப் போயிருந்தார்கள். சரக்குக்குப் பொறுப்பாகப் போனவர் கப்பல்காரரின் சொந்தத் தம்பி. ஐப்பசியில் புயல் அடித்தது. கப்பல் ரங்கூனுக்கும் போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. குப்பத்தில் அழுகை எழுந்தபோது அவரே படகில் ஏறிப் போனார். ஊர்ச் சபைத் தலைவர், முதலாளி, செருப்பில்லாமல் கோயில் முன்னால் மணலில் நின்று சொன்னாராம்: "என் கண்ணால் உடம்பைப் பார்க்கிறவரை என் கப்பலில் போன யாரும் சாகவில்லை. யாரும் அழக்கூடாது. யார் பாட்டையும் வெட்டக்கூடாது." அன்றைக்கு ஊர் அதை ஏற்றுக்கொண்டது. வெட்டாத பாடுகளில் வந்த மீனால் அந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது. மிச்சமிருந்த கப்பலை அவர் விற்றார். படகுத் துறையில் கம்பம் நட்டு, சாகும்வரை சொந்த எண்ணெயில் விளக்கு ஏற்றினார். வருகிற கப்பலுக்கு வழி தெரிய வேண்டுமே.

இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். அன்றும் அப்படித்தான். அக்காவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"சரி, அவரு வௌக்கு ஏத்துனாரு. அந்தப் பொம்பளைங்க இன்னா பண்ணாங்க?"

"எந்தப் பொம்பளைங்க?"

"போனவனுங்க பொண்டாட்டிங்க. அவரு தம்பி பொண்டாட்டியும்தான். அழக்கூடாதுன்னுட்டாரே. இன்னா பண்ணாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவர் வெட்டிய கிணற்றின் ஆழம் தெரியும், அவர் தலைப்பாகையின் நிறம் தெரியும். இது தெரியவில்லை. "கேட்டு வந்து சொல்லு" என்றார் அக்கா. கம்பெனி கேட் வந்துவிட்டது.

வாப்பாவிடம் கேட்டேன். "நல்லாத்தான் பாத்துக்கினாங்க, அரிசி துணின்னு ஒரு கொறயும் வெக்கல" என்றார். உம்மா அப்போது தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், வாப்பா கடைக்குக் கிளம்பிய பிறகு தலை நிமிராமல் சொன்னார்.

"அரிசி துணிக்கு இன்னா. இத்தா இருக்கவும் வுடல, அழவும் வுடல."

"யாரை?"

"அவரு தம்பி பொஞ்சாதிய. புருஷன் மௌத்தானா, செத்துப்போனா, பொம்பள நாலு மாசம் பத்து நாளு ஊட்டோட இத்தா இருக்கணும், அதான மொற. இவருதான் மௌத்தாவலன்னுட்டாரே. ஜனாஸா தொழுகையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. வயசுப் பொண்ணு. நல்ல நாள்ல நகை போட்டு வுடுவாங்களாம், புருஷன் வந்தா பாக்கணும்னு. குப்பத்துப் பொம்பளைங்க பொழுது சாயற நேரத்துல நம்ம ஊட்டுப் பின்வாசல்ல வந்து குந்திக்குவாங்களாம். இந்தப் பொண்ணும் போய்க் கூடக் குந்திக்குமாம். பேச மாட்டாங்க. சும்மா குந்திக்கினு இருந்துட்டுப் போவாங்க. ஒரு நாளு அந்தப் பொண்ணு எழுந்து வந்து அவரு எதிர்ல நின்னு கேட்டுச்சாம், மச்சான், எங்கள அழவுடுங்கன்னு."

"அவரு என்ன சொன்னாரு?"

"வௌக்கேத்தப் போய்ட்டாரு."

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னா உம்மா?"

"கல்யாணமாகி இந்த ஊட்டுக்கு வந்தப்ப பொம்பளைங்க பேசிக்குவாங்க. நீ ஆம்பளைங்க கிட்டயே கேட்டுக்கினு இருந்தா?"

அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டேன். உம்மாவுக்குத் தெரியவில்லை. எங்கள் வம்சாவளியைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். அதில் கப்பல்காரரின் தம்பி பெயர் இருக்கிறது. பக்கத்தில் ஒன்றும் இல்லை.

இதை அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று தடுமாறினேன். பாடு போகாமல் காப்பாற்ற இது உதவாது. ஆனால் மறுநாள் வேனில் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். நெத்திலி ஆய்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

கும்மிடிப்பூண்டி மேம்பாலம் ஏறும்போது அக்கா கேட்டார்.

"அவங்க கடைசி வரைக்கும் அழவே இல்லியா?"

"தெரியலக்கா."

"நானும் அழல தம்பி. தெரியுமா உனக்கு? ஒரு வாட்டி கூட. அழுதா செத்தான்னு ஆய்டும். ஆஸ்பத்திரிக்குப் போனா அவரு எங்கன்னு கேக்கறான், கீறாருன்றேன். ரேஷன் கடைல கேக்கறான், கீறாருன்றேன். பூ வாங்கறேன், வெக்கறேன், வாடுது, தூக்கிப் போடறேன். அவரு சட்டைய மாசா மாசம் தோச்சுக் காய வெக்கறேன். வாசன போயே போச்சு. சோப்பு வாசனதான் அடிக்குது."

"பாடு போயிடுமேக்கா" என்றேன்.

"போட்டும். நான் எப்பவோ பெரியவரு கிட்டப் போய்க் கேட்டுட்டேன், வெட்டிடுங்கன்னு. ஊட்டு ஆளு பதில் சொல்றவரைக்கும் என்னால முடியாதும்மான்னுட்டாரு. எங்க கொழுந்தன் கிட்ட சொன்னேன், இந்த வாட்டி நீ வாயத் தொறக்காதன்னு. அண்ணி, நான் சொல்லாம வுட்டா என் கையால அண்ணனக் கொன்ன மாரிதான அது, எனக்குப் பாடே வேணாம்ன்றான். அவனுக்குப் பேஜாரு, எனக்குப் பேஜாரு. அதான் உன்ன கதை கேட்டேன். அந்த வார்த்தைய எங்கனா அவுத்து வுட்டாரா உங்க பாயின்னு."

"வுடலியே."

"வுடல. அதனால நீ வா. உங்க ஊட்டு ஆளுதான அழக்கூடாதுன்னு சொன்னாரு. உங்க ஊட்டு ஆளே வந்து அழுன்னு சொல்லட்டும். பெரியவரு கிட்ட பேசிட்டேன். ஒத்துக்கினாரு."

நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு வேறு. இவர் கேட்பது ஒரு வாக்கியம். வாப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார். "அவரு நல்லதுக்குத்தானே சொன்னாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உம்மாதான் எனக்கு வெள்ளைச் சட்டையை அயர்ன் செய்து கொடுத்தார்.

பாடு கூப்பிடுகிற நாளில் குப்பத்துக்குப் போனேன். கோயில் முன்னால் ஆண்கள் வளைந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வலை காயப்போடுகிற பக்கமாக நின்றார்கள். அக்கா அவர்களோடு, அன்றைக்கும் பொட்டும் பூவுமாக. கொழுந்தன் முன் வரிசையில். இளைத்த பையன். என்னை விடச் சின்னவனாக இருப்பான். கல்யாண மோதிரம் விரலில் புதிதாக மின்னியது. அவன் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

பெரியவர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "கப்பக்கார ஊட்டுப் புள்ள. சொல்லு நைனா."

வேனில் ஓயாத வாய் அங்கே ஒட்டிக்கொண்டது. கிணறு, விளக்கு, காலரா எதுவும் நினைவுக்கு வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றேன். அதுவும் கப்பல்காரர் செய்ததாயிற்றே என்று அப்புறம்தான் தோன்றியது.

"எங்க வீட்டு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கிறோம். அக்கா வீட்டுக்காரர் போயிட்டாரு. அக்கா அழலாம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பெரியவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பிறகு பெரியவர், முறை முறையாகவே இருக்க வேண்டும் என்று, அக்கா கணவரின் பெயரைக் கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டார். பதில் வராது. பதில் வராமல் இருப்பதை எல்லோரும் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இப்படித்தான் முன்கூட்டிப் பேசி வைத்திருந்தார்கள். கொழுந்தனும் தலையாட்டியிருந்தான்.

"கீறான்."

சொன்னது அவன்தான். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பெயரைக் கேட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. அவனே திடுக்கிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். யாரோ "த்சோ" என்றார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டு ஆள் பதில் சொல்லியாயிற்று, இனி அவராலும் வெட்ட முடியாது. என் வார்த்தையும் எங்கள் வீட்டு வார்த்தையும் அந்த ஒற்றைச் சொல்லுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா வந்தார். ஆண்கள் வளையத்துக்குள் பெண்கள் வருவதில்லை, ஆனால் யாரும் தடுக்கவில்லை. கொழுந்தனுக்கு எதிரில் மணலில் உட்கார்ந்தார். வாயைப் பொத்தியிருந்த அவன் கையைப் பிடித்து மெதுவாக இறக்கினார்.

"நீ இத்தினி நாளு சொன்னது போதும் தம்பி. தெனம் தெனம் அவரத் தண்ணிலயே நிக்க வெச்சிக்கினு கீறோம்டா. குளுராதா அவருக்கு? உட்டுடு."

"அண்ணி, வாணாம் அண்ணி."

"அவரு இல்லடா" என்றார் அக்கா. பெரியவர் பக்கம் திரும்பி, இன்னும் உரக்க, "அவரு இல்ல. நானும் ஊட்டு ஆளுதான். நான் சொல்றேன். வெட்டுங்க."

சொல்லி முடித்ததும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்த அழுகையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் சத்தமே வரவில்லை. வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். கொழுந்தன் சின்னப் பிள்ளை மாதிரி அண்ணி மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பிறகு சத்தம் வந்தது. பெண்கள் ஓடி வந்து சுற்றிக்கொண்டார்கள். ஒரு வயதான பெண் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படகுத் துறைவரை நடந்தேன். கம்பம் நின்ற இடத்தில் இப்போது ஐஸ் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். விளக்கேற்றிவிட்டு அவரும் இங்கே தனியாக நின்று அழுதிருப்பாரா என்று யோசித்தேன். அதை எழுதிவைக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சட்டையை வைத்துக் கருமாதி செய்தார்கள். துக்கம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பினார். நெற்றியும் தலையும் வெறுமையாக இருந்தன. டிரைவர் அண்ணன் அன்று பாட்டுப் போடவில்லை. நான் பக்கத்தில் உட்காரவா வேண்டாமா என்று நின்றேன். அக்காவே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார்.

"கதை எழுதறியே, அந்தப் பொண்ண எழுதிக்கினியா?"

"பேரே தெரியலக்கா."

"பேரு இல்லன்னா இன்னா. அழவுடுங்கன்னு கேட்டாளே, அத்த எழுது."

கொஞ்ச தூரம் போன பிறகு அவராகவே சொன்னார். நேற்று கோயில் முன்னால் பாடு கூப்பிட்டார்களாம். கொழுந்தன் பெயரை முதல் முதலாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் குந்தியபடியே இருந்திருக்கிறான். பெரியவர் இரண்டாம் முறை கூப்பிட்டு, "காதுல வுழலியாடா, உன் பாடுதான்" என்று அதட்டினாராம்.

"அவன் என்னக்கா சொன்னான்?"

"அவங்க அண்ணன் பேர இன்னும் கூப்புடலியேன்னு பாத்துக்கினு இருந்தானாம்" என்றார் அக்கா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பொன்னேரி வந்தது, ஆட்கள் ஏறினார்கள், யாரும் அவரை அழாதே என்று சொல்லவில்லை.